தகப்பனைத் தேடிக் குலசைக்குப் போனது

என் கணவரின் தங்கை காய்ச்சலில் இறந்தபோது அவள் மகள் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்ந்திருக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு பிள்ளையின் தகப்பன் அவளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் விட்டார். "கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. ஒரு வழி பண்ணிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். எனக்கு இரண்டு மகன்கள். அவர்களோடு இவளும் சாப்பிட்டுத் தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன். வருஷங்கள் போயின. அவர் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் வளையல், பொம்மை விற்கும் கடை போட்டார். மறுபடி கல்யாணமும் செய்துகொண்டார். அதை எங்களுக்குச் சொன்னவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த ஒரு சொந்தக்காரர்.

பிள்ளை என்னை அத்தை என்பாள், என் கணவரை மாமா என்பாள். அவள் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு, தாய் இறந்து தகப்பனும் கவனிக்காத பிள்ளையைச் சொந்தக்காரர்கள் வளர்த்தால் அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது, கலெக்டர் ஆபீஸில் போய்க் கேளுங்கள் என்றார்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை உண்டு. லாரி டிரைவர்களும் உப்பளத்து ஆட்களும்தான் வாடிக்கை. மழை பிடித்து உப்பளம் மூடினால் எங்கள் கடையும் பாதி மூடினது மாதிரிதான். அப்படி ஒரு மழைக்காலத்தில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தராசை விட்டுக் கையை எடுத்தார்.

"ஏளா, என் தங்கச்சி பிள்ளைக்குச் சோறு போட நான் சர்க்கார்கிட்ட போய் நிக்கணுமா? ஊருல என்ன சொல்லுவான்?"

"நம்ம பயலுவ இலவச சைக்கிள் வாங்கும்போது ஊருல யாரு என்ன சொன்னாவ?"

"அது எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கது."

"இது இவளுக்குக் குடுக்கது. அவளுக்கு உள்ளதை வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு, நான் யாரு?"

அவர் மறுபடி தராசைப் பிடித்தார். போகாதே என்று சொல்லவில்லை. மறுநாள் நான் போனேன்.

கலெக்டர் ஆபீஸில் குழந்தைகளுக்கான பிரிவில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். தகப்பன் உயிரோடு இருப்பதால் குழந்தைகள் நலக் குழு அவரையும் விசாரிக்கும் என்றாள். "நோட்டீஸ் அனுப்புவோம்மா. வரலைன்னா திரும்ப அனுப்புவோம். நீங்களே பேசிக் கூட்டிட்டு வந்தா சீக்கிரம் முடியும்."

திருச்செந்தூரில் பஸ் மாறிக் குலசைக்குப் போனேன். ஊர் நிரம்பும் தசரா திருவிழாவுக்கு ரொம்ப நாள் கிடந்தது. தெருவில் ஆளே இல்லை. கடையில் அவர் பொம்மைகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"பிள்ளையை நான் பாக்கலைன்னு நாலு பேரு முன்னால சொல்லணுமாக்கா?"

"நடந்ததைத்தான் தம்பி சொல்லச் சொல்லுதேன்."

"யாவாரம் நடக்க நேரம். பொறவு போன்ல பேசுவோம்."

"யாவாரத்தைப் பாருங்க. நான் இங்கனயே இருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பேசிப் பழகாத ஊரில், கேட்டுப் பழகாத காரியத்துக்காக உட்கார்ந்திருந்தேன். ஆனால் எழுந்திருப்பதாக இல்லை.

மத்தியானம் அவருடைய மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு சோற்றுப் பாத்திரம் கொண்டுவந்தாள். என்னை விட நிறைய இளையவள். நான் யாரென்று சொன்னதும் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, "நீங்கதானாக்கா அது? பிள்ளையைத் தரவே மாட்டேன்னு சொல்லிட்டியளாமே?" என்றாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "யாரு சொன்னா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த துணியால் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"எத்தனாங் கிளாஸ் படிக்கா?" என்று அவள் என்னிடம் கேட்டாள். சொன்னேன். "என்னைக்கு வரணும்னு சொல்லுங்கக்கா. நான் கூட்டிட்டு வாரேன்."

விசாரணைக்குப் போகிற அன்று காலையில் என் கணவர் சட்டைப் பித்தானைப் போட்டபடி, "அங்கன வச்சு, பிள்ளையை நானே வச்சுக்கிடுதேன்னு அவன் சொல்லிட்டா என்னளா செய்வ?" என்றார். அந்தப் பயம் எனக்கும் குலசையிலிருந்து திரும்பிய நாள் முதல் இருந்தது. "பிள்ளை என்ன சொல்லுதாளோ அதுதான்" என்றேன். அப்படிச் சொல்வதற்கு எனக்குத் தெம்பு வேண்டியிருந்தது.

அவர்கள் சொன்னபடி வந்தார்கள். பிள்ளை தகப்பனைப் பார்த்தாள், பேசவில்லை. அந்தக் கைக்குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகப் போய், "நான் தூக்கட்டுமா?" என்று கேட்டாள். அதன் தாய் உடனே கொடுத்துவிட்டாள். எங்களை உள்ளே கூப்பிட்டபோதும் குழந்தை இவள் தோளில்தான் இருந்தது.

தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளையை இத்தனை வருஷமும் வளர்த்தது அக்கா வீட்டார்தான், நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னார். குழுவில் நடுவில் இருந்த அம்மா பிள்ளையிடம் திரும்பி, "உனக்கு யார்கூட இருக்கணும்? பயப்படாம சொல்லு" என்றார்.

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். பிறகு, "தம்பி பெருசானதும் லீவுக்கு எங்க வீட்டுக்கு வரட்டும். மாமா கடையில மிட்டாய் இருக்கு" என்றாள்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். என் கணவர் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கைக்குட்டையை எடுத்தார்.

உத்தரவு வந்தது. பிள்ளை பேரிலும் என் பேரிலும் சேர்த்து வங்கியில் கணக்கு ஆரம்பித்தோம். உதவித்தொகை வருகிறது. மழைக்காலத்திலும் அவள் டியூஷன் நிற்கவில்லை. வீட்டைப் பார்வையிட ஆபீஸிலிருந்து வருகிற நாளில் கணவர் கடையைச் சாத்திவிட்டு, தேய்த்த சட்டையோடு வாசலில் நிற்கிறார். குலசையிலிருந்து அந்தப் பெண் பிள்ளையிடம் அடிக்கடி போனில் பேசுகிறாள். தகப்பன் சில நாள் பேசுகிறார், சில நாள் இல்லை.

போன மாதம் மீன் விற்க வருகிற பெண் ஒருத்தி இந்த உதவித்தொகையைப் பற்றி என்னிடம் கேட்டாள். அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரை அவள் வளர்க்கிறாள். தாய் இல்லை, அண்ணன் கேரளாவில் எந்தப் படகில் இருக்கிறான் என்றே தெரியாதாம். "ஆளே தெரியாம எப்படிக்கா கேக்க?" என்றாள். திங்கட்கிழமை மீன் எடுக்கப் போகாதே, பிள்ளைகளின் ஆதாரை எடுத்துக்கொண்டு வா, கலெக்டர் ஆபீஸுக்குப் போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.