உதட்டை மட்டும் நனைத்தவள்

மண்ணூர் கிளியம்மாள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தாய் தகப்பன் போனபின் தம்பி சின்னப்பையனை வளர்த்து ஆளாக்குவதிலேயே அவளுக்கு வயது போயிற்று. 1991 கோடையில் கல் ஏற்றிப்போன லாரி கவிழ்ந்து, அதில் கல் தூக்கும் கூலியாகப் போன தம்பிக்கு வயிற்றில் பலத்த அடி. பெரியாஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, கிழிந்த குடலைத் தைத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்டது தண்ணீர்தான்.

"யக்கா, ஒரு வாய் குடுக்கா. நாக்கு ஒட்டிக்கினு கீது."

"தச்ச குடல் ஆறணும்டா. வாயால ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைத்தாள். அவன் துணியைக் கடித்து உறிஞ்சப் பார்த்தான். பிடுங்கிக்கொண்டாள்.

கட்டிலடியில் தொங்கிய மூத்திரப் பையில் கொஞ்சம்தான் சேர்ந்திருந்தது, அதுவும் கறுத்து. பிறகு அதுவும் நின்றது. கிளியம்மாள் ஓடிப்போய் நர்ஸ் செங்கமலத்தைக் கூட்டிவந்தாள். அவள் பார்த்ததில் குழாய் மடங்கவுமில்லை, அடைபடவுமில்லை. டாக்டர் நரசிம்மன் வந்து நாடி பார்த்து, சலைனை வேகமாக ஓடவிட்டார்.

"மூத்திரம் வர்றதுக்கு ஊசி கீதாமே சார்?"

"ஒடம்புல தண்ணி பத்தாமதாம்மா வரல. இப்ப அதப் போட்டா இருக்கறதும் போயிடும்."

பாட்டில்கள் இறங்கின. பையில் சொட்டு விழவில்லை. நாடி இன்னும் வேகமாக ஓடியது, வயிறு உப்பியது. உள்ளே ரத்தம் கசிகிறது, மறுபடி திறக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"பொழைப்பானா சார்?"

"தொறக்கலன்னா பொழைக்க மாட்டாம்மா."

கைநாட்டு வைத்தாள்.

கசிந்த ரத்தக்குழாயைக் கட்டி, ரத்தம் ஏற்றினார்கள். மெல்ல மெல்லப் பையில் மூத்திரம் இறங்கியது. குனிந்து பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்து முகமும் காலும் வீங்கின. "ஏத்தின தண்ணி சதையில தேங்கியிருக்கு. சலைனைக் கொறச்சிட்டோம், தானா வெளிய போயிடும்," என்றார் டாக்டர். அப்படியே வீக்கம் வடிந்தது.

ஒருவழியாகத் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். கரண்டியை நீட்டினாள். குடித்துவிட்டுச் சொன்னான்: "சாவக் கெடந்தப்பகூட குடுக்கலியேக்கா நீ."

பிழைத்தான். கல் தூக்க முடியாமல் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் ஆனான். அக்கா வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான். ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவான்.

"அவன் கோவம் ஞாயந்தான்," என்பாள் கிளியம்மாள். "நானும் அப்ப பச்சத்தண்ணி தொடல. அத அவங்கிட்ட சொல்லிக்கல."