ஏத்தமுல வீட்டின் இரண்டாம் இலை

1. என் நூலே சாட்சியானது

பல்லடத்திலிருந்து சீனிவாசனும் அவர் மகள் சுபாஷிணியும் எங்கள் திருமணத் தகவல் நிலையத்துக்கு வந்தபோது, அவர் கையில் நான் தொகுத்த குடும்பப் பதிவேடு இருந்தது. பக்கத்துக்கு அடையாளமாகப் பேருந்துச் சீட்டு ஒன்றைச் செருகியிருந்தார். அமர்வதற்கு முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்து என் மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, இது நீங்க எழுதுனதுதானுங்களா?"

நான் எழுதியதுதான். 'ஏத்தமுல என்னும் வீட்டுப்பெயர் மிக அரியது. இப்பெயருடையோர் யாவரும் ஒரே முன்னோரின் வழியினர்.'

"பையன் ஊடு டவுனுல கணபதிப் பக்கமுங்க. அப்பா லேத் பட்டறை வெச்சிருக்கறாரு. பையனும் எம்புள்ளையும் ஒரே கம்பெனில வேலை. ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு, சாதகமும் சேந்துபோச்சு. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட இன்ட்டிபேரு என்னங்கன்னு கேக்கறேன், ஏத்தமுலங்கறாங்க. நாங்களும் ஏத்தமுல. எடுத்த காப்பி டம்ளரை அப்படியே கீழ வெச்சுப்போட்டு எந்திரிச்சுட்டாங்க."

இளைய வாசகருக்குச் சிறு விளக்கம் தேவைப்படும். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு கொங்கு நாட்டில் பல தலைமுறைகளாக உழுது வாழ்ந்த எங்கள் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பெயர் உண்டு. அதையே இன்ட்டிபேரு என்பர். பள்ளிச் சான்றிதழில் அது இராது. வாக்காளர் பட்டியலிலும் இராது. தந்தையின் முதலெழுத்தோடு எங்கள் பெயர் நிறைவுறும். பாஸ்போர்ட் படிவம் 'சர்நேம்' என்று கேட்டால் பிள்ளைகள் தந்தையின் பெயரை எழுதிவிடுகின்றனர். ஆனால் மணப்பேச்சில் முதல் வினா அந்த வீட்டுப்பெயரைப் பற்றியதே. ஒரே பெயருடைய வீட்டார் பங்காளிகள்; அவர்தம் பிள்ளைகள் உடன்பிறந்தார் முறையினர். அவர்களுக்குள் மணம் இல்லை.

பள்ளித் தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் இந்நிலையத்தில் எனக்கு வாய்த்த வேலை அதைச் சரிபார்ப்பது. அலுவலகத்தார் 'க்ராஸ் செக்' என்பர். கோப்பில் நான் 'குலச் சரிபார்ப்பு' என்று எழுதுவேன். பயோடேட்டாவும் ஜாதகமும் எவ்வளவு பொருந்தினாலும் என் கையொப்பமின்றி ஒரு கோப்பும் நகராது.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள் சுபாஷிணி.

"கேளு அம்மணி."

"பங்காளின்னா சாவுக்குத் தீட்டுக் காக்கோணுமில்லீங்க? எங்க தாத்தா தவறுனப்பக் கணபதில யாரும் தீட்டுக் காக்கலீங்க. அவங்க ஊட்டுச் சாவும் எங்களுக்குத் தெரியாது. ஒருத்தர் சாவு ஒருத்தருக்குத் தெரியாதவங்க எப்படிங்க பங்காளி?"

"மறந்துபோனா முறை மாறீராது அம்மணி. இது அபூர்வமான பேரு. ரெண்டு எடத்துல தனித்தனியா மொளைக்காது."

"அப்ப நாளைக்கு ஆபீஸ்ல அவரை அண்ணான்னு கூப்பிடட்டுங்களா?"

"சும்மா இரு கண்ணு" என்றார் சீனிவாசன். அவர் குரலில் கண்டிப்பு இல்லை.

நான் கோப்பில் 'ஒரே குலம். பொருந்தாது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் படியிறங்கியபின் நிலைய மேலாளர் கமலவேணி என் மேசைக்கு வந்தார். எவர்க்கும் அஞ்சாமல் பேசும் அம்மையார் அவர்.

"கொலைக் கேசுல கூட வேற சாட்சி கேப்பாங்க வாத்தியாரே. நீங்க உங்க பொஸ்தகத்தையே சாட்சிக்கு நிறுத்தி, நீங்களே தீர்ப்பையும் எழுதிப்போட்டீங்க."

2. ஓர் அரிய பெயரின் வரலாறு

அச்சொல் என்னைத் தைத்தது. மறுநாள் காலை பதிவேட்டுக்காக நான் ஊர் ஊராகச் சென்று எடுத்த பழைய குறிப்பேடுகளை வெளியே எடுத்தேன்.

ஏத்தமுல என்னும் பெயரில் எனக்குத் தனிப்பற்று இருந்தது. தெலுங்கில் ஏத்தமு என்பது நாம் சொல்லும் ஏற்றம். நீர் இறைக்கும் துலா. கொங்கு நாட்டின் கிணறுகள் ஆழமானவை. இங்கே எருது பூட்டிக் கவலை என்னும் தோல்சாலால் நீர் இறைத்தார்களேயன்றி ஏற்றம் மிதித்தவர் மிகச் சிலர். ஆகவே இப்பெயர் இம்மண்ணில் பிறந்திருக்க இயலாது. நீர் மேலே கிடக்கும் ஏதோவோர் ஆற்றங்கரையில் பிறந்து, குடிபெயர்ந்தவரோடு இங்கு வந்திருக்க வேண்டும். பயன்படுத்தாத கருவியின் பெயரைச் சுமந்து ஒரு குடும்பம் கரிசல் காட்டில் கிணறு வெட்டியது என்னும் எண்ணமே எனக்கு உவப்பாயிருந்தது.

மற்ற வீட்டுப்பெயர்கள் பதிவேட்டில் பக்கம் பக்கமாக விரிய, ஏத்தமுல அரைப் பக்கத்தைக்கூட நிரப்பவில்லை. பல்லடத்துப் பக்கம் மூன்று வீடுகள், கணபதியில் ஒன்று. வீட்டுப்பெயர் ஆண்வழியே செல்வது. பெண் மக்களே பிறந்த வீட்டில் அது அத்தலைமுறையோடு நின்றுவிடும். அவ்வாறு நின்றவை போக எஞ்சியவை இந்நான்கு என்று கருதினேன். அதுவரை என் கருத்தில் பிழையில்லை. அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைத்தேன்: பெயர் இவ்வளவு அரிதாயின் அதைத் தாங்குவோர் யாவரும் ஒரே குருதி என்று முடிவு கட்டினேன். அதற்குச் சான்று தேடவில்லை. தேட வேண்டும் என்றே தோன்றவில்லை.

கணபதி வீட்டுக் குறிப்பைப் படித்தேன். நான் அங்கே சென்றது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்கு இலையிட்டுத் தளிகைப் படையல் போட்டிருந்தார்கள். வற்புறுத்தி என்னையும் உண்ணச் செய்தார்கள். வீட்டாரின் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதியிருந்தேன். இறுதி வரியில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'தளிகை இரண்டு இலை. இரண்டாவது தள்ளி, விளக்கின்றி. வழக்கம்.'

பல்லடத்து மூன்று வீட்டுக் குறிப்புகளையும் புரட்டினேன். மூன்றிலும் தளிகை ஓர் இலையே.

ஒரே குலத்தார் வழிபாட்டில் வேறுபடுவது அரிது. நான் அதைக் கண்ணால் கண்டு, உண்டு, கையால் எழுதியும் இருக்கிறேன். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. 'வழக்கம்' என்ற ஒரு சொல்லால் மூடிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

3. பட்டறையில்

கணபதியில் ரங்கசாமியின் பட்டறைக்குச் சென்றேன். பையன் பிரதீப்பின் தந்தை அவர். லேத்தில் ஏதோ கடைந்துகொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தவாறு வந்தார்.

"வாங்க வாத்தியாருங்க. எல்லாந்தான் முடிஞ்சுபோச்சுங்களே."

"ஒரு சங்கதி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க. உங்க ஊட்டுல தளிகைக்கு ரெண்டு எலை போடறீங்களே, ரெண்டாவது யாருக்குங்க?"

அவர் திரும்பிச் சென்று இயந்திரத்தை நிறுத்தினார். அது சுழன்று ஓய்ந்தபின் என் பக்கம் வந்தார்.

"அதை எதுக்குங்க இப்பக் கேக்கறீங்க?"

"முன்னயே கேட்டிருக்கோணுங்க. கேக்காம உட்டுப்போட்டேன்."

கழிவுப் பஞ்சை எறிந்துவிட்டுச் சொன்னார்.

"எங்க தாத்தா பொழைக்க வந்தவருங்க. ஏத்தமுல ஊட்டுல ஆம்பளப் புள்ளை இல்லை. பொண்ணைக் குடுத்து, தோட்டத்தைக் குடுத்து, பேரையும் குடுத்து ஊட்டோட மாப்பிள்ளையா வெச்சுக்கிட்டாங்க. அவரோட சொந்தப் பேரை விட்டுப்போடோணுங்கறதுதான் பேச்சு. வருசத்துல ஒரு நாள் என்னைப் பெத்த ஊட்டாளுகளுக்கு ஒரு எலை போட்டுக்கறேன்னு மாமனாருகிட்டக் கேட்டு வாங்கிக்கிட்டாராமா."

"அந்தச் சொந்தப் பேரு என்னங்க?"

"தெரியாதுங்க. எங்கப்பா கேட்டுப் பாத்தாராமா. 'குடுத்துப்போட்டு வந்த பேருடா அது, திரும்பச் சொன்னா வாக்குத் தப்பிப்போகும்'னு சொல்லிப்போட்டாராமா. சாகற வரைக்கும் சொல்லலை."

பட்டறைத் திண்டில் அமர்ந்துவிட்டேன். ஏத்தமுல வீட்டுப் பெண்ணை மணந்தவர் ஏத்தமுல குலத்தவராய் இருந்திருக்கவே இயலாது. எங்கள் முறை அதற்கு இடந்தராது. அவ்வாறாயின் ரங்கசாமியும் பிரதீப்பும் பெயரால் மட்டுமே ஏத்தமுல. ஆண்வழியில் அவர்கள் வேறு குலம். நான் ஒரே குலம் என்று எழுதித் தடுத்த பெண், அவனுக்கு மணமுறை உடையவள்.

"பிரதீப்புக்கு இது தெரியுங்களா?"

"தெரியாதுங்க. எலை எதுக்குன்னு கேப்பான். வழக்கம்டான்னு சொல்லிப்போடுவேன்."

நான் எழுதிய அதே சொல். "இதைச் சொன்னா இந்தக் கல்யாணம் நடந்துருங்க" என்றேன்.

"தெரியுங்க. அவன் ரெண்டு வாரமா என்கிட்டப் பேசறதில்லை. ஊட்டுல சோறும் சரியா உங்கறதில்லை." அவர் குரல் தழைந்தது. "ஆனா பொண்டாட்டி ஊட்டுச் சோத்துக்குப் போனவன்னு எங்க தாத்தனை ஊரு பேசுன பேச்சுக்கு எங்கப்பன் கைகலப்பு வரைக்கும் போனாரு. தோட்டத்தை வித்துப்போட்டு டவுனுக்கு வந்ததே அதுக்குத்தானுங்க. செத்தவரை மறுக்கா ஊரு வாய்ல போட எனக்கு மனசு வல்லீங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்களித்தேன். வேறென்ன செய்வது? அந்த இரகசியம் என்னுடையதன்று.

4. ஒட்டுச் சீட்டு

என்னுடையது என் பிழை. அதை வெளியிட எவர் இசைவும் வேண்டியதில்லை. பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் ஒட்டுவதற்கென ஒரு சீட்டு எழுதினேன்: 'ஏத்தமுல வீட்டார் யாவரும் ஒரே வழியினர் என்று இங்கு எழுதியது தொகுப்பாசிரியரின் ஊகமே. சான்று இல்லை. இதனைக் கொண்டு எம்முடிவும் செய்தல் வேண்டா.' கமலவேணி இரு குடும்பத்தாரையும் நிலையத்துக்கு அழைத்தார். சீட்டை உரக்கப் படித்தேன்.

சீனிவாசனுக்கு அது போதவில்லை.

"அன்னிக்கு ஒண்ணுன்னீங்க. கல்யாணத்தை நிறுத்தினோம். இன்னிக்குத் தெரியாதுங்கறீங்க. தெரியாதுன்னா என்னங்க அர்த்தம்? நாளைக்கு இவங்க பங்காளிதான்னு யாராச்சும் வந்து சொன்னா எம்புள்ளை கதி?"

அவர் கேட்டது முறை. விடை எனக்குத் தெரியும். சொல்லும் உரிமை இல்லை. சுபாஷிணி அன்று பேனாவைப் பார்த்தது போலவே இன்று என் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரதீப் சன்னலோரம் நின்று வெளியே நோக்கினான்.

"பையனாச்சும் வேற கம்பெனிக்குப் போயிட்டா நல்லதுங்க" என்றார் சீனிவாசன், எழுந்தவாறே. "தெனமும் பாத்துக்கிட்டிருந்தா ரெண்டுக்கும் கஷ்டம்."

"உக்காருங்க" என்றார் ரங்கசாமி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தே சொன்னார்.

"பிரதீப்பு, அந்த ரெண்டாவது எலை எதுக்குன்னு கேப்பியே."

பட்டறையில் என்னிடம் சொன்னதை எல்லார் முன்னிலையிலும் சொன்னார். ஊட்டோட மாப்பிள்ளை என்ற சொல் வந்தபோது மட்டும் சற்று நின்று தொடர்ந்தார்.

சீனிவாசன் மெல்ல மீண்டும் அமர்ந்தார்.

"அப்ப உங்க பாட்டி எங்க ஊட்டுப் பொண்ணுங்களா?"

"ஆமாங்க."

"எங்க வகையறால கடைசி அண்ணன்தம்பி ஒருத்தர் ஊட்டுல ஆம்பளை இல்லாம பேரே நின்னுபோச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு. நிக்கலை பாருங்க." அவர் ரங்கசாமியின் பக்கம் திரும்பினார். "பெத்தவன் வெச்ச பேரை உட்டுப்போட்டு எங்க பேரை இத்தனை வருசம் சொமந்திருக்கறாரு. இதுல உங்களுக்கு என்னங்க கேவலம்? கேவலப்படோணும்னா ஒரு நல்லது கெட்டதுக்கும் தாக்கல் சொல்லி உடாம இருந்த நாங்கதான் படோணும்."

ரங்கசாமி இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிரதீப் வந்து தந்தையின் தோளைப் பற்றிக்கொண்டான். இரண்டு வாரங்களுக்கு மேலாகியபின் அவன் அவரிடம் சொன்ன முதற்சொல், "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுங்கப்பா" என்பது.

"காப்பி சொல்லட்டுங்களா?" என்றார் கமலவேணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அன்னிக்குக் கீழ வெச்ச டம்ளரு ஆறிக் கெடக்குது."

5. தலைப்பில்லாத பக்கம்

மணம் நிகழ்ந்தது. அதன்பின் ரங்கசாமி என்னிடம் வந்து ஒன்று கேட்டார். பதிவேட்டின் மறுபதிப்பில் தம் பாட்டனாரின் குலத்துக்கும் ஓரிடம் தரவேண்டும் என்றார். அதுவரை மறைத்ததை எழுதிக்கொள்ளவும் இசைந்தார். என்ன பெயரில் எழுதுவது என்று இருவரும் நெடுநேரம் எண்ணினோம். முடிவில் ஏத்தமுல வீட்டுக்கு அடுத்த பக்கத்தைத் தலைப்பின்றி விட்டேன். கீழே எழுதியது இவ்வளவே: 'பெயர் தெரியவில்லை. ஏத்தமுல வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவரின் வழி. கணபதியில் ஒரு வீடு. புரட்டாசிச் சனிக்கிழமை ஓர் இலை.' ஏத்தமுலவே மிக அரிய பெயர் என்று எழுதியவன் நான். அதனினும் அரிய பெயர், அதே வீட்டில், விளக்கில்லாத ஓர் இலையாக என் எதிரே இருந்திருக்கிறது.

பெயர்களைத் தொகுக்கவும் எண்ணவும் புகும் இளையோர்க்கு நான் சொல்லக்கூடியது என் குறிப்பேட்டின் அந்த ஒற்றை வரிதான். அன்று முதல் நான் 'வழக்கம்' என்று எழுதுவதில்லை. எழுதக் கை எழும்போது பேனாவை வைத்துவிட்டு, எதிரே இருப்பவரிடம் கேட்டுவிடுகிறேன். பலர் தெரியாது என்பர். அதையும் அவ்வாறே எழுதிக்கொள்கிறேன்.

அடுத்த புரட்டாசியில் கணபதி வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பெருமாளுக்குரிய இலையை ரங்கசாமி போட்டார். இரண்டாவதைச் சுபாஷிணி போட்டாள். சோற்றை வைத்து, சற்றுத் தயங்கி, ஒரு சிறு விளக்கையும் கொணர்ந்து அதன் அருகே ஏற்றினாள். ரங்கசாமி தடுக்கவில்லை.

"இது யாருக்கு அம்மணி?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்ததுதான்; எனினும் கேட்டேன்.

"எங்க மாமனார் ஊட்டாளுகளுக்குங்க" என்றாள்.

குறிப்பேட்டைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.