நாற்பத்தோராம் பக்கத்து அம்பு

என்னிடம் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. அதன் நாற்பத்தோராம் பக்கத்தின் இடது ஓரத்தில், சுண்டுவிரல் நகத்தின் அளவில், அம்பின் வடிவில் பசையின் கறை ஒன்று தெரிகிறது. சில மாதங்களுக்கு முன்புவரை அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியோடு சிறிதளவேனும் தொடர்புள்ள எவருக்கும் அந்த அம்பைத் தெரியும். செக்கிங் மேசையில் நிற்பவர்கள் துணியில் ஓட்டையையோ எண்ணெய்க் கறையையோ தையல் விட்ட இடத்தையோ கண்டால், அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பை ஒட்டி ஒதுக்கிவைப்பார்கள். அந்தப் பீஸ் ஆல்ட்டருக்கு, அதாவது குறையைச் சரிசெய்யும் இடத்துக்கு, போகும். குறை சரியானதும் அம்பை உரித்துவிட வேண்டும். உரிக்க மறந்து அது பெட்டிக்குள் போய்விட்டால், கடல் தாண்டிப் புகார் வரும்; யார் மேசை என்று தேடிப் பிடித்துத் திட்டுவார்கள். என் நோட்டில் இருந்தது அப்படி மறக்கப்பட்ட ஓர் அம்பு. அது இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் அம்மா பதினாறு ஆண்டுகளாகச் செக்கிங் மேசையில் நிற்கிறாள். கம்பெனி பெரியப்பாவுடையது, பெரியம்மா அம்மாவின் உடன்பிறந்த அக்கா. அப்பா இறந்த மறுமாதம் அம்மா அங்கே போகத் தொடங்கினாள். எங்கள் சொந்தத்தில் யாரும் அவள் வேலைக்குப் போகிறாள் என்று சொல்வதில்லை. “தங்கச்சி கம்பெனியப் பாத்துக்கறா” என்பார் பெரியம்மா. கல்யாண வீடுகளில் கேட்பவர்களும், “அப்படீங்களா, நல்லதுங்க” என்று அதோடு விட்டுவிடுவார்கள். காலை எட்டரைக்குள் கைரேகை வைத்து, மாலைவரை நின்றுகொண்டே, ட்யூப் லைட்டின் அடியில் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவளுக்கு அந்த ஒரு சொல்தான் சொந்தக்காரர்கள் கொடுத்த மரியாதை. அதை அம்மா மறுத்ததும் இல்லை, தானாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை.

பெரியம்மாவின் மகளான அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போனவள், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறைக்கு வருவாள். அவள் வரும் நாளில் பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். பெட்டியைத் திறக்கும்போது அவள் பக்கத்தில் உட்காரும் உரிமை எனக்கு மட்டும் இருந்தது. “என்ற தங்கச்சி மொதல்ல எடுக்கட்டும், அப்புறம் நீங்கல்லாம்” என்று மற்றவர்களின் கையைத் தட்டிவிடுவாள். அதிகம் பேசாத என்னை அவள் ஒருத்திதான் பேச்சில் சேர்த்துக்கொண்டாள். சித்தி, சித்தி என்று அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, அம்மாவின் புளிக்குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். இவற்றை எழுதும்போதும் அவை பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது பெரியம்மா போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். விசா அவ்வளவு காலத்துக்குத்தான் கிடைக்கும். அடுத்த மூன்று மாதம் அக்காவின் மாமியாருடைய முறை. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. விமானம் ஏற முடியாது என்று கடைசி நேரத்தில் சொல்லிவிட்டார். நான் அப்போதுதான் இளங்கலை இறுதித் தேர்வை முடித்திருந்தேன்; அவருக்குப் பதிலாக என்னை அனுப்பினார்கள். ஜெர்மனி விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அக்கா சொன்ன முதல் வாக்கியம்: “அம்மா ஷிப்ட் முடிஞ்சுது. இனி உன்ற ஷிப்ட்டு கண்ணு.” நாங்கள் இருவரும் சிரித்தோம்.

அக்கா குடியிருந்த ஊர் ஓர் ஏரியின் கரையில் இருந்தது. காலையில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ரொட்டிக்கடை வரை போய் வருவேன். கடைக்காரப் பெண்மணி தினமும் ஒரே சொல்லால் வாழ்த்துவாள். நானும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்வேன். மூன்று மாதத்தில் எங்களுக்குள் நடந்த உரையாடல் அதுதான், ஆனால் ஒருநாள் காய்ச்சலால் நான் போகாதபோது மறுநாள் அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் சைகை செய்தாள். சனிக்கிழமைகளில் தமிழ் நண்பர்கள் குடும்பத்தோடு வருவார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவருவதும், யாருடைய பிரியாணியில் உப்பு குறைவு என்று கேலி செய்வதும், கடைசியில் எல்லாரும் அவரவர் ஊர்ப் பேருந்து நிலையத்தைப் பற்றிப் பேசி முடிப்பதும் வழக்கம். அவர்களிடம் அக்கா என்னைத் தங்கை என்றுதான் அறிமுகப்படுத்தினாள். நான் பார்த்தவற்றை நோட்டில் எழுதினேன். திருத்த வேண்டிய வாக்கியங்களின் கீழே பென்சிலால் கோடிட்டுவைத்தேன். வாரம் ஒருமுறை, அம்மாவுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால், போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

அக்டோபரில் குழந்தையோடு ரயிலேறி ஒரு மலையூருக்குச் சுற்றுலா போனோம். வழியில் மூன்று சுரங்கங்கள் வந்ததாகப் போகும்போதே எழுதினேன். திரும்பி வரும்போது எண்ணினேன், நான்கு. அந்த ஊர்க் கடைத்தெருவில் குழந்தைத் துணிகள் விற்கும் கடையொன்றில், இந்தியாவில் தயாரானது என்ற துண்டுச்சீட்டைப் பார்த்ததும் என் கை தானாகத் துணியை உட்புறமாகத் திருப்பியது. அம்மா திருப்புவதுபோலவே: முதலில் கழுத்து, பிறகு தோள், பிறகு பக்கத் தையல், கடைசியாகக் கீழ் மடிப்பு. பக்கத் தையலின் உள்ளே ஒரு சிவப்பு அம்பு இருந்தது. அது சுட்டிய இடத்தில் தையல் சரிசெய்யப்பட்டிருந்தது. அம்பை மட்டும் யாரோ மறந்திருந்தார்கள். அக்கா கடை வாசலில் நின்று, “ஏங் கண்ணு, அத எதுக்கு நோண்டிட்டு இருக்கறே? பாக்கறாங்க, வா போலாம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள். நான் நகத்தால் அம்பை உரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்று நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதினேன்: “எந்த ஊர், எந்த மேசை என்று தெரியாது. ஆனால் இனி இதை மறந்தவளை யாரும் திட்ட முடியாது. மடிப்பைத் திருப்பும்போது என் கைகளில் என் அம்மா இருந்தாள்.” பக்கத்தின் ஓரத்தில் அம்பை ஒட்டினேன். ஞாயிறன்று அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “அந்தப் புள்ள தப்பிச்சுது போ” என்றாள். மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

அக்காவும் அந்த நோட்டைப் படித்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே பக்கங்களைப் புரட்டுவாள். “ஏழு வருஷமா இங்க இருக்கறேன், நீ எழுதுனதப் படிச்சாத்தான் இந்த ஊரே கண்ணுக்குத் தெரியுது” என்றாள். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். என் எழுத்தை அம்மாவைத் தவிர விரும்பிப் படித்த முதல் ஆள் அவள். பக்கம் மடங்காமல் நானே பிடித்துக்கொடுத்தேன்.

இந்த ஆண்டு விடுமுறைக்கு அவள் வருவதற்கு முன்பே பெரியம்மா போன் செய்தார். “அக்கா புஸ்தகம் போட்டிருக்கறா கண்ணு. ஓட்டல் ஹால்ல விழா. நீதான எலக்கியம் படிக்கறவ, அதுலருந்து கொஞ்சம் படிச்சு ரெண்டு வார்த்தை பேசோணும்.” விழாவுக்கு முந்தின நாள் காலையில் ஒரு பிரதியைக் கொடுத்தனுப்பினார்கள். ஏரிக்கரை வாழ்க்கை பற்றிய புத்தகம், அழகான அட்டை. முதல் பக்கத்தில் ரொட்டிக்கடைப் பெண்மணி நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் சைகை செய்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் பிரியாணியில் உப்பு குறைந்தது. நான் பென்சிலால் கோடிட்டு, பிறகு திருத்திய வாக்கியங்கள் திருத்தப்படாமலே அச்சாகியிருந்தன. ரயில் மூன்று சுரங்கங்களைக் கடந்தது. முகத்தில் சூடு ஏறியதே தவிர, அதுவரை எனக்குக் கோபம்கூட வரவில்லை. பிறகு கடைத்தெரு வந்தது. மடிப்பைத் திருப்பியவளும் அம்பை உரித்தவளும் அக்கா. கடைசி வரி இப்படி இருந்தது: “மடிப்பைத் திருப்பும்போது என் கைகளில், எங்கள் கம்பெனியில் கூலி வேலை செய்யும் ஒரு பெண் இருந்தாள்.”

மதியம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அக்கா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். “படிச்சுட்டியா கண்ணு? எப்படி இருக்குது?” என்றாள்.

“இது நான் எழுதுனதுங்க அக்கா.”

“ஆமா, யாரு இல்லேன்னா?” கிண்ணத்தை வைக்காமலே சிரித்தாள். “என்ற குழந்த, என்ற ஃப்ரெண்ட்ஸு, நாங்க கூட்டிட்டுப் போன ஊரு. நான் படுத்து எந்திரிக்கறதுக்குள்ள நீ எழுதிப்போட்டே, அவ்ளோதான? கூடமாட இருந்த தங்கைக்கு நன்றின்னு பின்னாடி போட்டிருக்கறனே, பாக்கலியா?”

“எங்கம்மாவ ஏனுங்க அக்கா அப்படிப் போட்டீங்க?”

அவள் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “சித்தின்னு போட்டா, சொந்தச் சித்தியவே மேசைல நிக்க வெச்சிருக்கறாங்களான்னு அங்க நாலு பேரு கேக்க மாட்டாங்களா? அப்பாவுக்கும் சங்கடம், சித்திக்கும் சங்கடம். உங்களுக்காகத்தான் கண்ணு மாத்துனேன். இதப் போயி பெருசு பண்ணாதே. சித்தி அங்கதான வேலைக்கு வரோணும்.”

கடைசி வாக்கியத்தை அவள் மிரட்டலாகச் சொன்னாள் என்று இன்றும் என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்தபடி, மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். ஆனால் பதினாறு ஆண்டுகளில் முதன்முறையாக அந்த வீட்டில் அம்மா ‘வேலைக்கு’ வருகிறவளானாள்.

விழாவில் கூட்டம் இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதியபடியே படித்துவிடுவது என்று வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டு போயிருந்தேன். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்; ‘என் அம்மா’ என்ற இரண்டு சொற்கள் போதும். பெரியப்பா முதல் வரிசையில் இருந்தார். அம்மா மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையை வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். கடைத்தெருப் பகுதியைத் தொடங்கியதும் அவள் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு முறை கேட்டிருந்த பகுதி அது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். நான் அந்த வரிக்கு வந்தேன். பெரியப்பா தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை எட்டரை மணி என் நினைவுக்கு வந்தது. “எங்கள் கம்பெனியில் கூலி வேலை செய்யும் ஒரு பெண்” என்று, அச்சில் இருந்தபடி, தெளிவான உச்சரிப்போடு படித்தேன். கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். வீட்டுக்கு வரும்போது, “சத்தம் கடைசி வரைக்கும் நல்லாக் கேட்டுது” என்று மட்டும் சொன்னாள்.

அக்கா ஊருக்குத் திரும்பினாள். இப்போதும் போன் செய்கிறாள். “அடுத்த வாட்டி வந்தீன்னா இத்தாலி போலாம். நோட்டு கொண்டுட்டு வா” என்று போன வாரம் சிரித்தாள். நானும் பழக்கத்தில் சரிங்க அக்கா என்றேன். அந்தச் சரியை நினைத்துக்கொண்டுதான் நோட்டைத் தேடி எடுத்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் அம்பு இல்லை. கறை மட்டும் இருந்தது. தானாக விழுந்திருக்கும் என்று அலமாரிக்கு அடியில் தேடினேன். பிறகு ஏதோ தோன்றி, டிவிக்கு மேல் கிடந்த அக்காவின் புத்தகத்தை எடுத்தேன். கடைத்தெருப் பக்கத்தில், பசை போய்விட்டதால் மெல்லிய டேப்பால் ஒட்டப்பட்டு, அம்பு இருந்தது. அதன் முனை ‘ஒரு பெண்’ என்ற இடத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அச்சு மறையாமல் குறையை மட்டும் காட்டும்படி ஒட்ட, பழகிய கைக்குத்தான் தெரியும்.

அம்மா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புத்தகத்தை விரித்துக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. மேசையில் நிற்கும்போது இருக்கும் முகம்.

“ஆல்ட்டருக்குப் போறதுதான கண்ணு,” என்றாள். “சரி பண்ணிட்டு உரிச்சுக்கோ.”

இதில் அம்மாவை அம்மா என்றே எழுதியிருக்கிறேன். சுரங்கங்கள் நான்கு என்றும் திருத்திவிட்டேன். ஆனால் ஒரு மண்டபத்தில், மூன்றாவது வரிசைக்குக் கேட்கும்படி, என் குரலில் படித்ததை எங்கே கொண்டுபோய்த் திருத்துவது என்று தெரியவில்லை. நோட்டின் ஓரத்தில் பசைக்கறை அப்படியே இருக்கிறது. அம்பு புத்தகத்தில்தான் இருக்கிறது. நான் இன்னும் உரிக்கவில்லை.