வர்றவங்க பானை

எங்கள் தெருவில் எல்லா வீட்டுச் சமையலறையிலும் இரண்டு பானைகள் இருக்கும். பெரியதில் கிணற்றுத் தண்ணீர். நாங்கள் குடிப்பதும் சமைப்பதும் அதில்தான். சிறியது மூடி போட்டு மூலையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் சைக்கிள் கேரியரில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக் கழனிக் கிணறுவரை போய்க் கொண்டுவரும் தண்ணீர் அதில். ஒரு டின் தண்ணீர் ஒரு குடும்பத்துக்குக் காணாது. அதனால் நாங்கள் அதைத் தொடுவதில்லை. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் அதிலிருந்து மொண்டு கொடுப்போம். தெருவில் அதற்குப் பெயர் ‘வர்றவங்க பானை’.

ஆம்பூரைச் சுற்றித் தோல் பதனிடும் டேனரிகள் பெருகி, பாலாற்றுப் பக்கம் கழிவுநீர் ஓடத் தொடங்கிய சில வருடங்களில் இந்தப் பழக்கம் வந்தது. முதலில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்கவில்லை. பிறகு பருப்பு வேக மறுத்தது. பிறகு நாக்கிலேயே உப்பு தெரிந்தது. உப்புத் தண்ணீர்த் தெருவில் சம்பந்தம் செய்ய வெளியூர்க்காரர்கள் தயங்குகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் சின்னப் பானை வற்றவே வற்றாது. எங்களுக்கு ஒரே பெண்.

நான் பள்ளியில் சமூக அறிவியல் பாடம் எடுக்கிறேன். மூலப்பொருளை அப்படியே ஏற்றுமதி செய்யும் நாடு ஏழையாகவே இருக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். என் கணவர் டேனரி அலுவலகத்தில் ஏற்றுமதிப் பிரிவு குமாஸ்தா. பாதி பதனிட்ட தோலை அனுப்பியது போதும், முழுதாக முடித்த தோலையும் காலணியையும் அனுப்புங்கள் என்று அரசாங்கம் சொன்னபோது, அவருடைய கம்பெனி புதிய பிரிவு திறந்தது. அவருக்கு வேலை நிரந்தரமானது. பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க முடிந்ததும் அதனால்தான். அதே பிரிவின் கழிவுநீர் எங்கள் கிணற்றுக்கு மேற்கே இருந்த ஓடையில் போனது.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது இதே பேச்சுதான்.

“முன்னாடி அரைகுறையா பதம் போட்டு அனுப்புவோம்மா. வெளிநாட்டுக்காரன் அதுல ஷூ தச்சி நாலு மடங்கு விலைக்கு விப்பான். இப்ப நாமளே முடிச்சி அனுப்பறோம். இதுல இன்னா தப்பு?” என்பார் அவர்.

“தப்புன்னு யாருப்பா சொன்னா? முடிக்கிற தண்ணி எங்க போவுதுன்னுதான் கேக்கறேன்” என்பாள் என் பெண்.

நான் இருவருக்கும் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பேன். இருவர் பேசுவதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் என் தொந்தரவு.

எழுபதுகளின் கடைசியில், எங்கள் வட்டாரத்துப் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். தோல் தொழிலின் வளர்ச்சியால் மக்களுக்கு விளைந்தது நன்மையா, தீமையா என்பது தலைப்பு. யாருக்கு எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். என் பெண்ணுக்குத் தீமை வந்தது. பொன்னாடை போர்த்த வருபவர் என் கணவரின் மேனேஜர் என்று அழைப்பிதழில் பார்த்ததும் அதைக் கணவரிடம் நீட்டினேன்.

“கொஞ்சம் பாத்து பேசும்மா. ஃபேக்டரி பேரெல்லாம் வாணாம்” என்றார் கணவர்.

“ஃபேக்டரி பேரு எதுக்குப்பா? நம்ம கெணத்தப் பத்தி மட்டும் பேசறேன்.”

அப்படியே பேசினாள். கத்தவில்லை. பருப்பு வேகாததைச் சொன்னாள். வாசலில் வைத்த செம்பருத்தி கருகியதைச் சொன்னாள். “வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை நடுவர் அவர்களே, வேலைக்குப் போய்விட்டு வந்தவர் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்கிறேன்” என்றாள். மேனேஜரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் பாதிப் பேச்சு என் காதில் விழவில்லை.

எதிரணியில் பேசியவர் மளிகைக் கடைக்காரர், நகைச்சுவைக்குப் பேர் போனவர். “தங்கச்சி வீட்ல தண்ணி உப்பா இருக்குதாம். நல்லதுதானே? கொழம்புக்கு உப்பு வாங்கற செலவு மிச்சம். ஆனா என் கடையிலதான் யாவாரம் கம்மியாய்டும்” என்றார். கொட்டகையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

நடுவர் வெளியூர்ப் பேராசிரியர். நல்ல மனிதர். தீர்ப்புச் சொல்ல எழுந்து, மேசையில் இருந்த செம்பை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு அதைத் தூக்கிக் காட்டினார்.

“வந்ததுலேர்ந்து நானும் உங்க ஊர்த் தண்ணியத்தான் குடிச்சிட்டிருக்கேன். இளநீர் கணக்கா இருக்குது. அந்தப் பொண்ணு நல்லாவே பேசுச்சு. ஆனா கண்ணீர்ல உப்பு இருக்குமே தவிர, இந்தத் தண்ணியில இல்ல.”

கைதட்டல் எழுந்தது. செம்பில் இருந்தது மலையடிவாரத்துத் தண்ணீர். படிப்பகத்துப் பிள்ளைகள் காலையிலேயே போய்க் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதில் சூது எதுவும் இல்லை. வெளியூர்க்காரர் வந்தால் அதைத்தான் கொடுப்போம். தண்ணீரைப் பற்றியும் பேச்சு வருமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது எந்தத் தண்ணீர் என்று தெரியும். என் கணவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார், மறுபடி சாய்ந்துகொண்டார். தீர்ப்புக்குப் பிறகு யாரும் பேசுவது வழக்கமில்லை. உடனே தேசிய கீதம் போட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம்.

நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் என் கணவரின் தோளைத் தட்டி, “பொண்ணுக்கு நல்ல வாய் சார். வக்கீலுக்குப் படிக்க வைங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

திரும்பி வரும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நான் பொய் சொன்னேன்னுதானம்மா அவர் நெனச்சிட்டுப் போறாரு?”

“உனக்கு வந்த பக்கத்த நீ பேசின. அவ்ளோதாங்கண்ணு.”

“எனக்குச் சீட்டுல வந்த பக்கம்னுதான் நீயும் நெனைக்கிறியா?”

நான் பையில் வீட்டுச் சாவியைத் தேடினேன். அதன்பிறகு அவள் சின்னப் பானையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. யார் வந்தாலும் நான்தான் மொண்டு கொடுத்தேன்.

எண்பதுகள் பிறந்து, அவள் படிப்பை முடித்து ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வங்கியில் வேலை. அவன் அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். பெண் பார்க்க வந்த அன்று நான் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். அவளைத் தண்ணீர் எடுத்துப் போகச் சொன்னேன். அவள் பெரிய பானையைத் திறந்து மொண்டாள்.

“இன்னாடி பண்ற?”

“தண்ணி மொள்றேன்.”

கரண்டியைப் போட்டுவிட்டு நான் வருவதற்குள் கூடத்துக்குப் போய்விட்டாள். பையனின் அம்மா ஒரு வாய் குடித்தார். விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். விழுங்கிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“இது நீங்க குடிக்கிற தண்ணியாம்மா?”

“ஆமா ஆன்ட்டி. தெனமும்.”

“எத்தன வருஷமா?”

“நான் ஸ்கூல் படிக்கறப்போலேர்ந்து.”

என் கணவர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேசரி சாப்பிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர் ஜெபம் செய்தார். சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். அன்று நான் அவளைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

போன மாதம் பையனின் அம்மா தனியாக பஸ் ஏறி என் பள்ளிக்கே வந்தார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

“டீச்சர், பொண்ண எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. மூடி மறைக்காத பொண்ணு. பையனும் சரின்னுட்டான். ஒண்ணே ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“தலைப்பிரசவத்துக்கு உங்க வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். நாங்களே பாத்துக்கறோம். நீங்க வந்து கூட இருங்க, எத்தன மாசம் வேணா இருங்க. ஆனா அந்தத் தண்ணியில பச்சக் கொழந்தைய வெக்க முடியாது டீச்சர். நான் ஆஸ்பத்திரியில பாக்கறவ.”

முதல் பேறு தாய் வீட்டில் என்பதை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. தலையாட்டினேன். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ அவங்க நம்பிட்டாங்க” என்றாள்.

அவள் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்துபோய்ப் பெரிய பானையிலிருந்து மொண்டு குடித்தேன். இத்தனை வருடங்களில் பழகிப்போயிருந்த உப்பு அன்றைக்கு நன்றாகத் தெரிந்தது.