நல்லாத்தான் இருக்கு

தன் பிக்கப் வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் பிரெட்காரரிடம் ஒரே பதில்தான்: நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்கிற மனுஷன் இல்லை. ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு இல்லையா? இவருடைய பொன்குஞ்சு இவர் மூத்த மகளைவிட வயதில் பெரிய டீசல் வண்டி.

விடியற்காலையில் பேக்கரிக்குப் போய், பிரெட் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போடுவது அவர் பிழைப்பு. குளிர் தொடங்கியதும் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் உறுமும், இருமும், வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு அடங்கிவிடும். கெஞ்சிக் கூத்தாடி அதைக் கிளப்புவதற்குள் எதிர்வீட்டு டீச்சர் எழுந்து பல் தேய்த்தே முடித்திருப்பார். புது பேட்டரி போட்டார். அதே கதைதான்.

பிரெட் தாமதமாக வருகிறதென்று கடைக்காரர்கள் முறையிட, பேக்கரி முதலாளி கூப்பிட்டு, வண்டியில் ஏதாவது கோளாறா என்று விசாரித்தார். நல்லாத்தான் இருக்கு என்றார் இவர். அப்படியென்றால் இன்னும் ஒரு நாள் தாமதமானாலும் பிரெட் போடுகிற லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார் முதலாளி. லைன் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனார். போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடேறிவிடுமே, பிறகென்ன? சாவியைத் தொட்டதும் வண்டி பாட்டுப் பாடியது. ராத்திரி வண்டியை இங்கே விட்டுப் போங்க என்றார் மெக்கானிக். விட்டால் காலையில் பிரெட்டைத் தலையிலா சுமப்பது? கடைசியில் மெக்கானிக்கே விடியுமுன் வீட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்.

"அண்ணே, நான் வர்ற வரைக்கும் சாவியைத் தொடாதீங்க. இது ஆறிக் கிடக்கும்போது வர்ற நோய். சூடாயிட்டா நோயே இல்ல."

தலையை நன்றாகத்தான் ஆட்டினார். மறுநாள் மெக்கானிக் வந்தபோது வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. பானெட்டில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"தொட்டீங்களா?"

"வீட்டுக்கு ஒரு ஆள் வர்றப்போ அது இருமிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

என்ன சொல்வது இந்த மனுஷனை! அடுத்த தடவை, சத்தியமாகத் தொடவில்லை என்றார். சைலன்சர் ஆறுகிற டிக் டிக் சத்தம் இருவருக்குமே கேட்டது. கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் மெக்கானிக் கிளம்பிவிட்டார். பிரெட்காரரின் மனைவி தெருமுனை வரை பின்னாலேயே போய், நாளைக்கு ஒரே ஒரு தடவை வாங்க தம்பி, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் பிரெட்காரர் சாவியைத் தேடினார். ஆணியில் இல்லை, சட்டைப் பையில் இல்லை, செருப்புக்குள்கூட இல்லை. மெக்கானிக் வந்ததும் மனைவி தலையணைக்கடியிலிருந்து எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். வண்டி தன் முழு வித்தையையும் காட்டியது. தெருவே புகை. ஜன்னல்கள் திறந்தன. பிரெட்காரருக்கு மானம் போயிற்று. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மெக்கானிக்குக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

ஹீட்டர் பிளக் என்று நான்கு உண்டு. குளிர்ந்த எஞ்சினைச் சூடுபடுத்திக் கிளப்பிவிடுவது அவைதான். ஒவ்வொன்றிலும் டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்த்தார். ஒன்றில்தான் விளக்கு எரிந்தது. மற்ற மூன்றும் எப்போதோ செத்துப்போயிருந்தன. மூன்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, உதிரிபாகக் கடை திறந்ததும் புதிதாக வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது என்றார். ஆனால் கடை திறப்பதற்குள் பிரெட் நேரம் தாண்டிவிடுமே. பிரெட்காரர் வண்டியின் பின்பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் முதலாளியின் கார் வந்து நின்றது. பின் சீட் முழுக்கப் பிரெட் தட்டுகள். இறங்கியவர் புகையைப் பார்த்தார், கழற்றிப் போட்ட பிளக்குகளைப் பார்த்தார், இவரையும் பார்த்தார்.

"தினமும் இப்படித்தானா?"

மனைவிதான் ஆமாம் என்றாள்.

"ஏய்யா, வண்டி நல்லா இருக்குன்னு சொன்னியே. அப்ப ஆள்தான் சரியில்ல, குடிச்சிட்டுக் கிடக்கறியோன்னு இல்ல நினைச்சேன்?"

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

லைன் எங்கேயும் போகாது, முதலில் காரில் ஏறு என்றார் முதலாளி. பிரெட்காரர் மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். முதல் கடை தாண்டியதும், வண்டியில் கிளட்ச் வழுக்குது என்றார். ஹேண்ட் பிரேக் பிடிப்பதில்லை, இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன் என்றார். போதும் என்றார் முதலாளி. ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. கடைசிக் கடை வருவதற்குள் வண்டியை முடித்துவிட்டு, தன் இடது முழங்காலுக்கு வந்திருந்தார்.