பாதியில் நின்ற பாடங்கள்

அக்காவின் படிப்பைக் கெடுத்தவன் நான்தான். பிறர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

அக்காவுக்கு மருந்துக் கிடங்கில் இருப்புச் சரிபார்க்கும் வேலை. பதினாறு வருஷம். எந்தப் பெட்டி எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். போன வருஷம் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை ஒட்டியது. அந்த வேலையை இனி சாஃப்ட்வேர் பார்க்கும். மூன்று மாதத்தில் ஒரு தேர்வு. தேறியவர்கள் சாஃப்ட்வேர் பிரிவுக்கு, மற்றவர்கள் வீட்டுக்கு.

நாற்பத்து மூன்று வயதில், கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் இலவச வீடியோ வகுப்பு ஒன்றைப் பிடித்தாள். மொத்தம் நாற்பது பாடம். வேலை முடிந்து வந்து, வீடியோவை நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதுவாள்.

நான் செல்போன் பழுதுபார்ப்பவன். டெக் செய்திகளைக் கரைத்துக் குடித்தவன் என்று எனக்கு நினைப்பு. பல் துலக்கும் முன்பே அவளுக்கு ஏதாவது அனுப்பிவிடுவேன்.

"அக்கா, நீ படிக்கிற மொழி பழசாயிடுச்சாம். எல்லாரும் வேற ஒண்ணுக்கு மாறிட்டாங்க."

"நல்லவேளை சொன்னேடா."

பத்தொன்பதாவது பாடத்தோடு அதை விட்டாள். புதியதில் ஏழு பாடம் போயிருக்கும், இன்னொன்றை அனுப்பினேன். பிறகு, புரோகிராமை இனி ஏ.ஐ. மெஷினே எழுதிவிடும், அதனிடம் கேட்கத் தெரிந்தால் போதும் என்றேன். அதற்கும் ஒரு வகுப்பு இருந்தது. எல்லா வகுப்பிலும் முதல் பாடம் திரையில் வணக்கம் வரவைப்பதுதான். நான்கு விதமாக வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டாள் என் அக்கா.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்கிறா. கொஞ்சம் வாயைக் கட்டு மாப்ளே," என்றார் அத்தான். பஸ் ஓட்டுகிற மனுஷனுக்கு என்ன தெரியும் என்று சிரித்தேன். எவ்வளவு திமிர் எனக்கு.

தேர்வன்று இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: பட்டியலிலிருந்து காலாவதியான மருந்துகளை மட்டும் பிரித்தெடுக்க ஒரு புரோகிராம். மெஷினைக் கேட்க வழியில்லை. அக்கா பாதி எழுதி, அதற்கு மேல் போகத் தெரியாமல் எழுந்து வந்துவிட்டாள்.

"எந்த மொழியில வேணும்னாலும் எழுதலாம்னாங்கடா," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "பதினாறு வருஷமா கையால செஞ்ச வேலை அது."

அவள் முதலில் படித்த வகுப்பைத் திறந்து பார்த்தேன். பட்டியலிலிருந்து வேண்டியதைப் பிரிப்பது இருபத்து நான்காவது பாடம். ஐந்தே பாடம் தள்ளி. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிடுக்கா."

"நீ அனுப்பினே. மாறினது நான்தானே."

வேலை போனது. மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்த முதல் வகுப்பின் இருபதாவது பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே. இப்ப எதுக்குக்கா இது?"

"அந்தக் கேள்விக்கு விடை தெரியாம எனக்குச் சோறு இறங்கலடா," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.