கனத்துக்கு ஏற்ற விலை

என் சம்பளத்தில் நான் வாங்கும் முதல் சைக்கிளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவு செய்ய நைனா எதற்கு? ஆனாலும் கடைக்கு வந்தார். தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் வைத்த மலை சைக்கிள் அப்போதுதான் செஞ்சிக்கு வந்திருந்தது. விலை ஆயிரத்து இருநூறு.

"மலையேறத்தான் படிக்கட்டு இருக்குதே" என்றார். பிறகு, மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டையைத் தூக்கிக் கடலையின் கனம் பார்ப்பதுபோல் சைக்கிளை ஒரு கையால் தூக்கினார்.

"இன்னா பாய், பஞ்சாட்டம் இருக்குது! கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல, செயின் கவர் இல்ல. இல்லாததுக்கெல்லாம் வெலயக் கொறச்சிக்கோ."

"நைனா, இது அப்படித்தான் இருக்கணும்!" என்று கத்தினேன். கேட்டால்தானே.

கடைக்காரர் விலையைக் குறைக்கவில்லை. அந்த மூன்றையும், கூடவே ஓர் இரும்பு ஸ்டாண்டையும் மாட்டிவிட்டு, இருநூறு கூட்டிச் சொன்னார். நைனா மறுபடியும் தூக்கினார். இம்முறை இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"இது நாயமான வெல" என்றார். பேரமே பேசவில்லை. பணத்தை நான் கொடுத்தேன்.

வீடு வரைக்கும் மூச்சு வாங்க மிதித்தேன். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த நைனா, "மெதுவா போடா, புது வண்டி" என்றார்.